சீட்டில் வந்ததும் நடந்ததும்: ஒரு வகுப்புச் சோதனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாட்டு கேட்டுக்கொண்டே படித்தால் மனதில் நிற்குமா? நான்கு பேர் கொண்ட ஒரு மாணவர் குழு எடுத்துக்கொண்ட கேள்வி இது. அறிமுகப் புள்ளியியல் பாடத்தில் ஒவ்வொரு குழுவும் ஒரு சோதனையைத் தானே வடிவமைத்து, நடத்தி, அறிக்கை எழுத வேண்டும். நான் அந்தப் பாடத்தின் ஆசிரியர். கேள்வியைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இதில் ஆளுக்கொரு கருத்து உண்டு, எல்லாரிடமும் சொந்த அனுபவம் உண்டு, யாரும் உட்கார்ந்து அளந்து பார்த்ததில்லை.

அளக்கும் முறையை அவர்களே யோசித்து வைத்திருந்தார்கள். 30 சொற்கள் கொண்ட பட்டியல். ஐந்து நிமிடம் படிக்கலாம். பிறகு இரண்டு நிமிடம் கூட்டல் கணக்கு. கடைசியாகப் பார்த்த சொற்கள் நாக்கு நுனியில் அப்படியே நின்றுவிடக் கூடாது என்பதற்காக. அப்புறம் வெற்றுத்தாளில் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். சொல்லுக்கு ஒரு மதிப்பெண். பாடத்தில் சேர்ந்திருந்த மற்ற மாணவர்களில் 40 பேர் தாங்களாகவே பங்கேற்க முன்வந்தார்கள்.

கைவிட்ட இரண்டு திட்டங்கள்

முதல் திட்டத்தில் சோதனையே இல்லை. "உனக்குப் பாட்டோடு படிக்கும் பழக்கம் உண்டா?" என்று கேட்டு, உண்டு என்பவர்களை ஒரு பக்கமும் இல்லை என்பவர்களை மறுபக்கமும் வைத்து மதிப்பெண்ணை ஒப்பிடுவதாக இருந்தார்கள். பாட்டோடு படிப்பவர் வேறு எத்தனையோ வகையில் மற்றவரிடமிருந்து வேறுபட்டவராக இருக்கலாம். வித்தியாசம் வந்தால் அது பாட்டால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்க வழியே இருக்காது. இது பாடத்தின் இரண்டாம் வாரத்திலேயே பேசிய விஷயம், அதனால் சொன்னதும் விட்டுவிட்டார்கள்.

இரண்டாம் திட்டம் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. 40 பேரையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பது, 20 பேரை ஓர் அறையில் உட்கார வைத்து ஸ்பீக்கரில் பாட்டு போடுவது, மற்ற 20 பேருக்கு இன்னொரு அறையில் அமைதி. குலுக்கல் இருக்கிறதே, அப்புறம் என்ன? அறைதான் சிக்கல். பாட்டு அறையில் விளக்கு மங்கலாக இருக்கலாம், யாரோ ஒருவர் இருமிக்கொண்டே இருக்கலாம், மேற்பார்வை பார்ப்பவர் நேரத்தை அரை நிமிடம் கூட்டிக் கொடுத்துவிடலாம். அந்த 20 பேருக்கும் இவை சேர்ந்தே நடக்கும். பாட்டு தரப்படுவது அறைக்கு, ஆளுக்கு இல்லை. அப்படியானால் கையில் இருக்கும் சோதனை அலகுகள் 40 அல்ல, இரண்டு. இதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு முழுதாக ஒரு வகுப்பு நேரம் பிடித்தது. நானும் முதன்முதலில் படித்தபோது இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவன்தான்.

மூன்றாவதாக வந்த வடிவம் சரியாக இருந்தது. எல்லாரும் ஒரே அறையில், எல்லார் காதிலும் ஹெட்போன். பாதிப் பேருக்கு ஒரே பாட்டு ஒரே சத்த அளவில் ஓடும். மீதிப் பேருக்கு ஒன்றும் ஓடாது, ஆனால் ஹெட்போன் காதில் இருக்கும். ஹெட்போன் மாட்டுவதே கவனத்தை மாற்றக்கூடும் என்பதால் அதை இரண்டு பக்கமும் சமமாக்கினார்கள். இந்த யோசனை முழுக்க அவர்களுடையது.

யாருக்குப் பாட்டு என்பதைச் சீட்டு முடிவு செய்யும். 20 சீட்டில் "பா", 20 சீட்டில் "அ". ஒரு பெட்டியில் போட்டு வாசலில் வைத்து, வருகிறவர் ஒவ்வொருவரும் ஒன்று எடுப்பார். ஒத்திகையில் ஒரு மாணவர் "பா" சீட்டுகளை மொத்தமாகப் போட்டு, அதன் மேல் "அ" சீட்டுகளைக் கொட்டி, பெட்டியை இரண்டு தடவை ஆட்டிவிட்டுப் போதும் என்றார். அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1 அன்று, ராணுவத்துக்கு ஆள் எடுக்க நடந்த குலுக்கலை அவர்களுக்குச் சொன்னேன். பிறந்த தேதிகள் எழுதிய 366 குப்பிகளை மாதவாரியாகப் பெட்டியில் போட்டார்கள், போதுமான அளவு கலக்கவில்லை. ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்களுக்குச் சிறிய எண்கள், அதாவது சீக்கிரம் அழைக்கப்படும் எண்கள், அளவுக்கு மீறி விழுந்தன. இதைக் கேட்டபின் சீட்டுகளை மேசையில் பரப்பி நன்றாகவே கலைத்தார்கள். கலைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது என்று நானும் நினைத்துவிட்டேன்.

முதல் சோதனை

சோதனை அன்று நான் அறையில் இல்லை. என் கண் முன்னால் நடந்தால் அது அவர்கள் சோதனையாக இருக்காது என்பது என் எண்ணம். மறுநாள் முடிவோடு வந்தார்கள். அமைதிக் குழுவின் சராசரி 17.3 சொற்கள், பாட்டுக் குழுவின் சராசரி 14.1. வித்தியாசம் 3.2.

இது தற்செயலாக வரக்கூடிய வித்தியாசமா என்று பார்க்க, வகுப்பில் கற்ற மறுகுலுக்கல் முறையைப் பயன்படுத்தியிருந்தார்கள். பாட்டால் எந்தப் பாதிப்பும் இல்லை என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொருவரின் மதிப்பெண்ணும் எந்தச் சீட்டு வந்திருந்தாலும் அதேதான் இருந்திருக்கும். ஆகவே 40 மதிப்பெண்களையும் கணினியில் கலைத்து 20, 20 ஆகப் பிரித்து வித்தியாசத்தைக் குறிக்கலாம். 1,000 முறை அப்படிச் செய்ததில், ஏதாவது ஒரு திசையில் 3.2 அல்லது அதற்கு மேல் வந்தது 28 முறைதான். இந்த விகிதத்தைத்தான் பி-மதிப்பு என்பார்கள்: 0.028. அறிக்கைக்குத் தலைப்பும் தயார்: "பாட்டு நினைவாற்றலைக் குறைக்கிறது". நான்கு பேர் முகத்திலும் மலர்ச்சி. வகுப்புச் சோதனைகளில் இவ்வளவு பளிச்சென்று முடிவு வருவது அபூர்வம், அதனால் எனக்கும் சந்தோஷம்தான்.

தாளில் இருந்த கோடுகள்

அறிக்கையோடு மூலத்தாள்களையும் தர வேண்டும் என்பது எங்கள் விதி. வருகைத்தாளைப் புரட்டினேன். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நீல மையில் "பா" அல்லது "அ". பத்துப் பெயர்களுக்கு எதிரே அந்த எழுத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் கறுப்பு மையில் மற்ற எழுத்து எழுதியிருந்தது. ஐந்து "பா"க்கள் "அ" ஆகியிருந்தன, ஐந்து "அ"க்கள் "பா" ஆகியிருந்தன.

வாசலில் சீட்டுப் பெட்டியோடு இருந்த மாணவியைக் கேட்டேன்.

"ஏன்மா, இந்தப் பத்துப் பேருக்கு மட்டும் என்ன ஆச்சு?"

"அஞ்சு பேர் 'பாட்டு ஓடினா எனக்கு ஒண்ணுமே ஏறாது, மாத்திக் குடு'ன்னு கேட்டாங்க சார். பாவமா இருந்துச்சு. பாட்டு பரவாயில்லன்னு சொன்ன அஞ்சு பேரோட மாத்திவிட்டேன். எண்ணிக்கை சரியா 20, 20 தான் சார் இருக்கு."

மறைக்கவேண்டும் என்ற எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. எண்ணிக்கை சமமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டதே ஒரு பொறுப்பு என்று நினைத்திருந்தார். வடிவமைப்பைச் சொல்லிக்கொடுத்த நான், குலுக்கியபின் மாற்றக் கூடாது என்பதை ஒரு வரியாகக்கூடச் சொல்லியிருக்கவில்லை. தவறு அங்கேதான் தொடங்கியது.

இரக்கத்தால் குலுக்கல் கெட்ட கதை பழையது. 1930-இல் ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷைரில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்தால் வளர்ச்சி கூடுமா என்று பார்த்தார்கள். சுமார் 10,000 குழந்தைகளுக்குப் பால், இன்னொரு 10,000 பேர் ஒப்பீட்டுக்கு. சீட்டு அல்லது அகரவரிசை மூலம்தான் தேர்வு. ஆனால் ஒரு பக்கம் நல்ல ஊட்டமுள்ளவர்களோ மெலிந்தவர்களோ அதிகமாகத் தெரிந்தால் ஆளை மாற்றிச் சமன்செய்துகொள்ள அனுமதி இருந்தது. கடைசியில் பார்த்தால், பால் பெறாத குழந்தைகள் தொடக்கத்திலேயே சராசரியில் உயரமும் எடையும் கூடுதலாக இருந்தார்கள். ஏழைக் குழந்தைக்குப் பால் போகட்டும் என்று ஆசிரியர்களின் கை தானாகவே சாய்ந்திருக்க வேண்டும். "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் எழுதிய புள்ளியியலாளர் கோசெட் 1931-இல் இதை அலசி, 50 ஜோடி ஒருகரு இரட்டையர்களை வைத்துச் செய்திருந்தாலே இதைவிட நம்பகமான விடை கிடைத்திருக்கும் என்று எழுதினார். 20,000 குழந்தைகள் எங்கே, 100 குழந்தைகள் எங்கே!

எங்கள் சோதனையிலும் அதேதான். பாட்டு வேண்டாம் என்று அடம்பிடித்தவர்கள் எல்லாரும் அமைதிப் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். படிப்பில் கவனமானவர்களா, பதற்றக்காரர்களா, சும்மா பிடிவாதக்காரர்களா, தெரியாது. மதிப்பெண்ணோடு தொடர்புள்ள ஏதோ ஒன்று அவர்களோடு சேர்ந்து நகர்ந்திருக்கலாம் என்பது மட்டும் தெரியும்.

இன்னொன்றையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. 0.028 என்ற எண்ணுக்கு இனி அர்த்தம் இல்லை. கணினி 1,000 முறை கலைத்தது எதற்காக? வாசலில் பெட்டி செய்த வேலையைத் திரும்பச் செய்து காட்டுவதற்காக. வாசலில் அந்த வேலை முழுதாக நடக்கவில்லை. பத்துப் பேரின் இடத்தை முடிவு செய்தது ஒரு பேச்சுவார்த்தை. நடக்காத குலுக்கலைக் கணினி 1,000 முறை நடித்துக் காட்டியிருக்கிறது. பி-மதிப்பு என்பது கணினியில் பிறப்பது என்றே அதுவரை அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

குழு முன்வைத்த முதல் யோசனை, மாறிய பத்துப் பேரை நீக்கிவிடுவது. நீக்கிப் பார்த்தார்கள்: அமைதி 15 பேர், பாட்டு 15 பேர், வித்தியாசம் 2.9. முடிவு அவ்வளவாக மாறாததால் அவர்களுக்கு நிம்மதி. எனக்கு இல்லை. "பா" சீட்டு வந்தவர்களில் பாட்டுப் பிடிக்காதவர்கள் தாங்களே வெளிப்பட்டார்கள், அவர்களை நீக்கியாகிவிட்டது. "அ" சீட்டு வந்தவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுக்குப் புகார் சொல்லத் தேவை இருக்கவில்லை, ஆகவே அவர்கள் இன்னும் அமைதிக் குழுவிலேயே இருக்கிறார்கள். ஒரு பக்கம் களை எடுத்து மறுபக்கம் எடுக்காமல் விட்ட வயல் இது.

இரண்டாவது வழி, யார் எதைக் கேட்டார் என்பதை விட்டுவிட்டு, யாருக்கு எந்தச் சீட்டு வந்தது என்பதை வைத்தே ஒப்பிடுவது. மருத்துவச் சோதனைகளில் இது வழக்கமான முறை. நல்லவேளை, அடித்த கோட்டுக்குக் கீழே நீல எழுத்து தெளிவாகவே தெரிந்தது. கணக்கு போட்டோம். "அ" சீட்டு எடுத்தவர்களின் சராசரி 16.3, "பா" சீட்டு எடுத்தவர்களின் சராசரி 15.1. வித்தியாசம் 1.2. மறுகுலுக்கலில் 1,000-க்கு 407 முறை அவ்வளவு அல்லது அதற்கு மேல் வந்தது.

இந்த ஒப்பீடு நேர்மையானது, ஆனால் பதில் சொல்வது வேறு கேள்விக்கு. 1.2 என்பது பாட்டின் விளைவு இல்லை, "பா" என்று சீட்டு வந்ததன் விளைவு. சீட்டுக்கு மாறாக நடந்த பத்துப் பேர் இரண்டு பக்கத்தையும் ஒன்றுபோல் ஆக்கிவிட்டதால் அது பூஜ்யத்தை நோக்கி இழுக்கப்பட்டிருக்கும். பாட்டு பாதிக்கவில்லை என்று சொல்லவும் இதை வைத்துத் துணிய முடியாது.

ஆகவே அறிக்கையில் இந்த எண்ணை அப்படியே பதிவது, சோதனையை மறுபடி நடத்துவது என்று முடிவு செய்தோம். கெடுவைப் பத்து நாள் தள்ளிப்போட்டேன். அதில் மற்ற குழுக்களுக்கு வருத்தம், அது நியாயமான வருத்தம்தான்.

மறுபடி நடத்துவதென்றால் அதே வடிவம் வேண்டாம் என்று ஒரு மாணவர் சொன்னார். மதிப்பெண்கள் 7 முதல் 26 வரை சிதறிக் கிடந்தன, திட்ட விலக்கம், அதாவது சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பொதுவாக விலகி நிற்கும் அளவு, ஏறத்தாழ 4.5. ஆளுக்கு ஆள் இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, 20-க்கு 20 என்ற ஒப்பீட்டில் சுமார் 3 சொற்களுக்குக் குறைந்த விளைவு கண்ணில் படுவது கடினம். ஒவ்வொருவரும் இரண்டையும் செய்தால், அவரை அவரோடேயே ஒப்பிடலாம். கோசெட்டின் இரட்டையர் யோசனையை வைத்துத்தான் இந்த இடத்துக்கு வந்தார். தனக்குத் தானே இரட்டை!

இதில் வேறு தொந்தரவு உண்டு. இரண்டாவது முறை எழுதும்போது பழகிப்போயிருக்கும், அல்லது களைத்திருக்கும். அதனால் எது முதலில் என்பதைக் குலுக்கல் முடிவு செய்ய வேண்டும். ஒரே பட்டியலை இரண்டு முறை தர முடியாது என்பதால் இரண்டு பட்டியல், அவற்றின் வரிசையும் குலுக்கலில். ஆக நான்கு வகைச் சீட்டுகள்.

இரண்டாம் சோதனை

முதலில் சம்மதம். இரண்டு நிலைக்கும் தயார் என்பவர்கள் மட்டும் வரலாம், தயங்குபவர்கள் குலுக்கலுக்கு முன்பே விலகிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். 40 பேரில் 32 பேர் வந்தார்கள். முன்பு மாற்றிக் கேட்ட ஐந்து பேரில் மூவர் வரவில்லை.

ஒவ்வொரு வகைக்கும் எட்டுச் சீட்டு. வேறு குழுவைச் சேர்ந்த ஒருவர் கணினியில் வரிசையைக் கலைத்து, 1 முதல் 32 வரை எண்ணிட்ட உறைகளில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். வாசலில் இருந்தவருக்கு உள்ளே என்ன என்று தெரியாது. பெயரை எண்ணுக்கு எதிரே எழுதிய பின்னரே உறையைப் பிரிக்கலாம். காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் பயன்படுமா என்று பிரிட்டனில் 107 நோயாளிகளிடம் செய்து 1948-இல் வெளியிட்ட சோதனையிலும் இதே ஒட்டிய உறைதான். அடுத்த உறையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மருத்துவரின் கையும் சாயும்.

திருத்துவதிலும் ஒரு மாற்றம். முதல் சோதனைத் தாள்களை மறுபடி பார்த்தபோது ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. பட்டியலில் "கிணறு" என்ற சொல் இருந்தது. இரண்டு பேர் "கேணி" என்று எழுதியிருந்தார்கள். அமைதிக் குழுத் தாளில் அதற்கு மதிப்பெண் போட்டிருந்தது, பாட்டுக் குழுத் தாளில் இல்லை. திருத்தியவர் ஒரே மாணவர், ஒரே மாலை. ஒரு மதிப்பெண்ணால் எதுவும் புரண்டுவிடாது, ஆனால் எந்தக் குழுவின் தாள் என்று தாளின் தலையிலேயே எழுதியிருந்தது. இந்த முறை தாளில் எண் மட்டும். பட்டியலில் உள்ள சொல் அப்படியே வந்தால்தான் மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்.

நடுவில் ஒருவரின் ஹெட்போன் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டது. அவர் இரண்டாம் பகுதியை முடிக்கவில்லை. மிஞ்சியது 31 பேர்.

முடிவு

ஒவ்வொருவருக்கும் அமைதி மதிப்பெண்ணிலிருந்து பாட்டு மதிப்பெண்ணைக் கழித்தால், சராசரி 0.9 சொல். வித்தியாசங்களின் திட்ட விலக்கம் 3.1. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான சராசரி வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, −0.2 முதல் 2.0 வரை. அதாவது பாட்டு இரண்டு சொல் வரை குறைத்திருக்கலாம், ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம், துளி உதவியிருக்கவும் கூடும். 3.2 என்ற பழைய எண் இந்த இடைவெளிக்கு வெளியே நிற்கிறது. ஆள் குறைந்தும் பிழை எல்லை (சராசரி வித்தியாசத்தின் இருபுறமும் இடைவெளி நீளும் அளவு) முதல் சோதனையில் இருந்த ±2.9-இலிருந்து ±1.1-க்கு இறங்கியது, தன்னையே தன்னோடு ஒப்பிட்டதன் பலன் அது.

மாணவர்களுக்கு ஏமாற்றம். "முதல்ல வந்ததுதான் சார் நல்லா இருந்துச்சு" என்றார் ஒருவர், பாதி விளையாட்டாக.

அறிக்கையில் ஒரு வாக்கியத்தை மட்டும் நான் திருத்தச் சொன்னேன். "சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள்" என்று எழுதியிருந்தார்கள். யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை, வந்தவர்கள் வந்தார்கள். சமவாய்ப்பு இருந்தது ஒதுக்கீட்டில். ஒதுக்கீடு இருப்பதால், வித்தியாசம் உறுதியாகத் தெரிந்திருந்தால் அது பாட்டால் வந்தது என்று சொல்லலாம். தேர்வு இல்லாததால் அதை மாணவர்கள் எல்லாருக்கும் பொருத்த முடியாது. பாட்டையே சகிக்காத மூவர் வராமல் போனதும் இந்த இரண்டாம் வகைக் குறை. வந்தவர்களுக்குள் செய்த ஒப்பீட்டை அது கோணலாக்கவில்லை, யாரைப் பற்றிய ஒப்பீடு என்பதைத்தான் சுருக்கியது.

மாறியவை

இப்போது திட்டத்தை ஏற்கும் முன் நான் கேட்கும் முதல் கேள்வி: "சீட்டு வந்தபின் ஒருவர் மாட்டேன் என்றால் என்ன செய்வீர்கள்?" பதில் எழுத்தில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் சீட்டை எப்படிக் கலைப்பீர்கள் என்பதோடு நிறுத்திவிடுவேன்.

வருகைத்தாளில் "சீட்டில் வந்தது", "உண்மையில் நடந்தது" என்று இரண்டு பத்திகள் சேர்த்திருக்கிறோம். அடித்து எழுதத் தேவையில்லை, இரண்டும் வேறாக இருந்தால் வேறாகவே இருக்கட்டும். உறைகளை வேறு குழு தயாரிப்பது எல்லாருக்கும் விதியாகிவிட்டது. சோதனை நாளில் நான் அறைக்குள் போவதில்லை என்ற பழக்கத்தை விடவில்லை, ஆனால் முதல் கால் மணி நேரம் வாசலுக்கு வெளியே நிற்கிறேன்.

அந்தக் குழு அறிக்கையை இரண்டு சோதனைகளும் சேர்த்தே சமர்ப்பித்தது. வருகைத்தாளின் நகலை முதல் பக்கத்தில் ஒட்டியவர் அந்த வாசல் மாணவிதான். தலைப்பை "பாட்டும் நினைவும்: இரண்டு முயற்சிகள்" என்று மாற்றியிருந்தார்கள்.